நுரையீரல் காயத்தின் குருதிக் குறிப்பான்கள்

நுரையீரல் காயத்தின் குருதிக் குறிப்பான்கள் என்பவை, கடும் மூச்சுத்திணறல் கூட்டறிகுறியின்போது நுரையீரல் உயிரணுக்கள் சிதைவதால் குருதியில் கலக்கும் புரதங்கள் ஆகும். எவ்வகை உயிரணு பாதிக்கப்பட்டுள்ளது, பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதை இவற்றின் அளவைக் கொண்டு மதிப்பிடலாம்.

பின்னணி

இக்கூட்டறிகுறியை 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளைக் கொண்டு முதன்முதலில் விவரித்தனர். நிமோனியா, செப்சிசு, பெருங்காயம் முதலிய பல காரணங்களால் இது ஏற்படுகிறது. 2012 ஆம் ஆண்டின் பெர்லின் வரையறை, மார்பு ஊடுகதிர்ப் படத்தையும் குருதியின் ஆக்சிசன் அளவையும் அடிப்படையாகக் கொண்டது. இவை நுரையீரலின் செயல்பாடு குறைந்திருப்பதைக் காட்டும். உள்ளே எந்த உயிரணு சேதமடைந்தது என்பதைக் காட்டா.

காயம் ஏற்படும் முறை

காற்று நுண்ணறைக்கும் அதைச் சூழ்ந்த குருதித் தந்துகிக்கும் இடையே மிக மெல்லிய தடுப்பு உள்ளது. அதன் ஒருபுறம் நுண்ணறையின் எபிதீலிய உயிரணுக்களும் மறுபுறம் தந்துகியின் உட்சுவர் உயிரணுக்களும் அமைந்துள்ளன. இத்தடுப்பு சிதையும்போது குருதியிலுள்ள நீர்மம் நுண்ணறையை நிரப்புகிறது. அதே வழியில் நுரையீரல் புரதங்கள் குருதிக்குள் கசிகின்றன.

முக்கிய குறிப்பான்கள்

* கரையும் ரேஜ்: நுண்ணறைப் பரப்பின் பெரும்பகுதியை மூடியுள்ள முதலாம் வகை எபிதீலிய உயிரணுக்களில் மிகுதியாக உள்ள ஏற்பியின் கரையும் வடிவம்.
* சர்பாக்டன்ட் புரதம்-டி, கேஎல்-6: இரண்டாம் வகை எபிதீலிய உயிரணுக்களின் பாதிப்பைக் காட்டுபவை. நுண்ணறை சுருங்கி மூடிவிடாமல் காக்கும் சர்பாக்டன்ட் இவ்வுயிரணுக்களிலேயே உருவாகிறது.
* ஆஞ்சியோபொயட்டின்-2, வான் வில்லிபிராண்ட் காரணி: குருதிக்குழாய் உட்சுவர் உயிரணுக்களில் ஒரே வகை நுண்பைகளில் சேமிக்கப்படுபவை, இவ்வுயிரணுக்கள் தூண்டப்படும்போது வெளியாகின்றன.

செயற்கைச் சுவாசமும் குறிப்பான்களும்

2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளியாயின. செயற்கைச் சுவாசக் கருவி ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்று, உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என ஒரு பிரிவினருக்கும், 6 மில்லிலிட்டர் என மற்றொரு பிரிவினருக்கும் அமைக்கப்பட்டது. முதற்பிரிவில் 39.8 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 31.0 விழுக்காட்டினரும் இறந்தனர்.

இந்நோயாளிகளின் குருதி மாதிரிகள் பின்னர் ஆராயப்பட்டன. குறைந்த காற்று பெற்றவர்களிடம் கரையும் ரேஜ் விரைவாகக் குறைந்தது. சர்பாக்டன்ட் புரதம்-டி-யின் உயர்வும் குறைவாக இருந்தது. உயிர்காக்கப் பொருத்தப்படும் கருவியே நுரையீரலை மிகையாக விரித்துக் காயப்படுத்தக்கூடும் என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

நோயாளிகளைப் பிரித்தறிதல்

2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இந்நோயாளிகளை மிகை அழற்சி, குறை அழற்சி என இரு பிரிவினராகப் பகுத்தது. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற அழற்சிக் குறிப்பான்கள் மிகுந்த முதற்பிரிவில் இறப்பு அதிகமாக இருந்தது. ஒரே நோய்ப்பெயரைப் பெற்ற அனைவருக்கும் ஒரே மருத்துவம் பொருந்தாமல் போகலாம் என்பதற்கு இது ஒரு சான்றாகக் கருதப்படுகிறது.

வரம்புகள்

இக்குறிப்பான்கள் இந்நோய்க்கு மட்டும் உரியவை அல்ல. நுரையீரல் இடைத்திசு நோய்களிலும் கேஎல்-6 உயர்கிறது. சப்பானில் அந்நோய்களைக் கண்டறிய அது பயன்படுகிறது. குருதிக்குழாய்கள் உடலெங்கும் இருப்பதால், செப்சிசு நோயில் நுரையீரல் கெடாவிடினும் ஆஞ்சியோபொயட்டின்-2 உயரலாம். ஆகவே எந்தவொரு குறிப்பானும் பெர்லின் வரையறையில் இடம்பெறவில்லை. பல குறிப்பான்களை ஒருங்கே அளந்து, மற்ற மருத்துவத் தகவல்களுடன் சேர்த்துக் கணிப்பதே கூடுதல் பயன் தருகிறது.