பீரோ வந்தது, பிள்ளை வாசித்ததா?

புதுக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுபோகிறார்கள். கல்விச்சீர் என்று பெயர். மேளம் முன்னே போக, பெண்கள் தாம்பாளம் ஏந்திவர, நாற்காலி, பீரோ, மின்விசிறி எல்லாம் ஊர்வலமாக வந்து இறங்கும். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான்; அந்த மேளத்தைக் கேட்டுக் கண் கலங்கியதும் உண்டு. ஆனாலும் பீரோ வந்ததால் எந்தப் பிள்ளையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடவில்லை.

திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயில் பக்கம் பூக்கட்டி விற்கும் ஒருத்தி, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். "கூட்டத்துல என்னம்மா பேசினே?" என்றேன். "நான் என்னத்த டீச்சர் பேசுறது? டீ குடிச்சேன், கையெழுத்துப் போட்டேன், வந்துட்டேன்."

அவள் மேல் தப்பில்லை. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பள்ளி நடப்பதைக் கவனிப்பதும், வளர்ச்சித் திட்டம் போடுவதும், அரசுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. உட்கார நாற்காலி கொடுத்தார்கள், என்ன கேட்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழுவினர் உரிமையைச் சொல்லித்தந்தால் போதுமா என்று சோதித்தே பார்த்தார்கள். கிராமக் கல்விக் குழுவின் உரிமைகளை ஊரைக் கூட்டி விளக்கினார்கள்; பள்ளியில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. சில ஊர்களில் மட்டும், உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு வகுப்பு நடத்தச் சொன்னார்கள். அங்கே வந்த பிள்ளைகள் வாசித்தார்கள். உரிமையைச் சொன்னால் மட்டும் போதாது, கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிபட்ட பாடம்.

நம் ஊரிலும் அப்படித்தான். கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தெருத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் மாலை வகுப்பு எடுத்தவர்கள் பெரும்பாலும் படித்த இளம்பெண்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் என்று பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் குழுவின் ஆய்வு கணக்கிட்டது. மீதியில் பள்ளி ஆசிரியர்களின் உழைப்பும் உண்டு. அதையும் யாராவது சொல்ல வேண்டுமே!

இதெல்லாம் புதுக்கோட்டைக்குப் புதிதா என்ன? 1991இல், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் வந்தது. எழுதப் படிக்கச் சொல்லித்தந்த தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாம் ராத்திரி உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள், கூடவே சைக்கிளும் ஓட்டப் பழகினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களே, அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மூணாம் வகுப்புல எத்தனை பிள்ளைங்களுக்கு ஒரு பத்தி தடங்கலில்லாம வாசிக்க வருது? வராத பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் நம்ம தெருவுல யார் உட்காரப் போறது?" பதிலையும் பெயரையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.