வளரிளம் பருவத்தினரின் உடற்பயிற்சி ஆர்வமும் சுற்றியிருப்போரின் பங்கும்

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 146 நாடுகளின் பள்ளி மாணவர்களிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. இதற்குச் சோம்பலையும் கைப்பேசியையும் மட்டும் காரணம் காட்டுவது எளிது. ஆனால், பள்ளி விட்டு வந்த பிள்ளை விளையாடப் போவதிலும் அறைக்குள் முடங்குவதிலும் ஆசிரியர், கூட்டாளிகள், பெற்றோர் ஆகியோருக்குப் பெரும்பங்கு உண்டு.

உள்ளூக்கமும் புறவூக்கமும்

ஒரு செயலை அதில் கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே செய்யத் தூண்டுவது உள்ளூக்கம். பரிசு, மதிப்பெண், திட்டு ஆகியவற்றை எண்ணிச் செய்ய வைப்பது புறவூக்கம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்னும் உளவியலாளர்கள் வகுத்த சுயநிர்ணயக் கோட்பாடு, தன் விருப்பப்படி செய்கிறோம் என்ற எண்ணம், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, பிறரோடு ஒட்டியிருக்கும் உணர்வு ஆகிய மூன்றும் நிறைவேறும் இடத்தில்தான் உள்ளூக்கம் தழைக்கும் என்கிறது. யாரும் கண்காணிக்காத ஓய்வு நேரத்தில் புறவூக்கம் விரைவில் வலுவிழந்துவிடும் என்பதால், இக்கோட்பாடு உடற்பயிற்சிக்கு மிகவும் பொருந்துகிறது.

விளையாட்டு வகுப்பு விட்டுச்செல்லும் தடம்

மார்ட்டின் ஹேகரும் நிகோஸ் சட்சிசரன்டிசும் பிற ஆய்வாளர்களும் 2003 முதல் வளர்த்தெடுத்த ஒரு கோட்பாட்டு மாதிரி, உடற்கல்வி வகுப்பில் ஆசிரியர் மாணவருக்குத் தேர்வுரிமை தந்து, பயிற்சியின் காரணத்தை விளக்கி நடத்தும்போது, அங்கு முளைக்கும் ஆர்வம் பள்ளிக்கு வெளியே உள்ள ஓய்வு நேரத்துக்கும் தொடர்கிறது என்று காட்டுகிறது. இந்த வெளிச்சத்தில் நம் பள்ளிகளின் பழக்கங்கள் சிலவற்றைப் பார்த்தால் கவலையே மிஞ்சுகிறது. தாமதமாக வந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதும், வீட்டுப்பாடம் எழுதாதவளைத் தோப்புக்கரணம் போடச் சொல்வதும், ஓட்டத்தையும் உடலை வளைப்பதையும் தண்டனையாகவே பிள்ளைகளின் மனத்தில் பதிக்கின்றன. பொதுத்தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரிடம் ஒப்படைப்பதோ, விளையாட்டு விட்டுவிடத்தக்கது என்ற பாடத்தைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

கூட்டாளிகள்

பதின்ம வயதில் பெற்றோர் சொல்லைவிடக் கூட்டாளியின் அழைப்புக்கு வலிமை அதிகம். மட்டையோடு நான்கு பேர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எந்த அறிவுரையும் இல்லாமலே பிள்ளை எழுந்து ஓடும். அதே வயதில் கேலியும் ஆழமாகக் குத்தும். இரு தலைவர்கள் மாறி மாறி ஆள் பிரிக்கும்போது, எப்போதும் கடைசியில் எஞ்சி நிற்கும் பருமனான சிறுவனுக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் ஒட்டுறவும் ஒருசேர அறுந்துபோகின்றன. அவன் மைதானத்தை விட்டு விலகுவதை ஆர்வமின்மை எனக் கொள்வது நியாயமன்று. பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளையே இவ்வாறு முதலில் வெளியேற்றப்படுகிறது.

வீடும் பெண்பிள்ளைகளும்

முதலில் குறிப்பிட்ட உலகச் சுகாதார நிறுவன ஆய்வில் போதிய இயக்கமற்ற மாணவர் 78 விழுக்காடு, மாணவியர் 85 விழுக்காடு. பூப்பெய்திய பின் பெண்ணைத் தெருவில் ஓட விடத் தயங்கும் வழக்கம், உடையைப் பற்றிய விமர்சனம், இருட்டிய பின் வீடு திரும்பும் வழியின் பாதுகாப்பு குறித்த அச்சம், தம்பிக்கு இல்லாத வீட்டுவேலை ஆகிய அனைத்தும் சேர்ந்து அவளுடைய மாலைப்பொழுதை எடுத்துக்கொள்கின்றன. அவளிடம் ஊக்கம் இல்லை என்பதைவிட, ஊக்கத்தைச் செலுத்த நேரமும் இடமும் அவளுக்கு விடப்படவில்லை என்பதே பல வீடுகளில் உண்மை. பாத்திரம் துலக்குவதை அண்ணன் தம்பியோடு பகிர்ந்து கொடுப்பதும், அரசு தரும் விலையில்லா மிதிவண்டியைப் பள்ளி முடிந்த பிறகும் தோழியரோடு ஓட்ட அனுமதிப்பதும், தாய் தானே மாலையில் மகளோடு நடக்கப் புறப்படுவதும் செலவின்றி இன்றே தொடங்கக்கூடியவை.