நண்பர் விற்கும் பழைய டயர்: நம்பி வாங்கலாமா?

ரப்பரைப் பற்றிப் பேராக் தமிழர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பால் வெட்டியவர்களும் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டவர்களும் இல்லாத குடும்பங்கள் இங்கு குறைவு. வெயிலில் கிடந்த ரப்பர் வளையத்தை இழுத்தால் அறுந்துவிடும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே ரப்பர் டயராகி வண்டியில் ஏறிவிட்டால் அதன் வயதை யாரும் கேட்பதில்லை. பூ தேய்ந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள்.

இதைக் கமுந்திங்கில் வைத்துப் பேசுவது பொருத்தம். தைப்பிங்கை ஒட்டிய இவ்வூரின் தொழிற்பேட்டையில்தான் சில்வர்ஸ்டோன் டயர்கள் உற்பத்தியாயின. அந்த நிறுவனத்தை ஜப்பானின் டோயோ நிறுவனம் 2010இல் வாங்கியது. 2013இல் டோயோவின் புதிய தொழிற்சாலையும் கமுந்திங்கிலேயே இயங்கத் தொடங்கியது. புது டயர் பிறக்கும் ஊர் இது. பழைய டயர் கைமாறும்போது கேட்க வேண்டிய கேள்விகளை இவ்வூர்க்காரர்களாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

நட்பும் வியாபாரமும்

ஃபோக்ஸ்வேகன் கொம்பி, நிசான் வானெட், டோயோட்டா லைட்ஏஸ் போன்ற பழைய வேன்களைப் பிள்ளைபோல் பராமரிப்பவர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். விளக்கு, கண்ணாடி, ரிம் என்று கடையில் எளிதில் கிடைக்காத பாகங்கள் இவர்களுக்குள் கைமாறும். இந்தப் பழக்கம் நல்லது; பல பழைய வேன்கள் இன்றும் ஓடுவதற்கு அதுவே காரணம். அந்த வரிசையில் டயரும் விலைக்கு வரும்போதுதான் சிக்கல்.

"அண்ணே, பூ அப்படியே இருக்கு. வண்டி ஓடவே இல்ல, பண்டிகைக்கு மட்டும்தான் வெளிய எடுப்பேன்" என்கிறார் விற்பவர். "நீ சொன்னா சரி தம்பி" என்று வாங்குபவர் பணத்தை எடுக்கிறார். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவும் நினைக்கவில்லை. ஆனாலும் வாங்கியவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்படும்போது அந்த டயர் வெடிக்கலாம். "வண்டி ஓடவே இல்ல" என்ற சொல்லை இருவரும் நற்சான்றாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஓர் எச்சரிக்கை.

ஓடாத டயர் ஏன் கெடுகிறது?

மரத்துப் பாலை அப்படியே டயராக்க முடியாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரின் இழைகளைப் பிணைக்கிறார்கள். இந்த முறையை 1839இல் கண்டறிந்தவர் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர். டயர் ஆலையை விட்டு வெளியே வந்த நாள் முதல் காற்றிலுள்ள பிராணவாயு அந்த ரப்பரைக் கெட்டிப்படுத்திக்கொண்டே இருக்கும். வெப்பம் கூடக்கூட இந்த வேலை விரைவாகும். பேராக் வெயிலில் வாசலில் நிற்கும் வேனுக்கு இது கூடுதலாகவே பொருந்தும்.

இதைத் தாமதப்படுத்த ரப்பரோடு ஒருவகை மெழுகும் காப்பு மருந்துகளும் கலக்கப்படுகின்றன. சக்கரம் உருளும்போது ரப்பர் வளைந்து நிமிர்கிறது. அப்போது அந்த மெழுகு வெளிப்புறத்துக்கு வந்து மெல்லிய போர்வைபோல் படிகிறது. வண்டி ஒரே இடத்தில் நின்றால் அந்தப் போர்வை சரியாக உருவாவதில்லை. பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். உள்ளே எஃகுக் கம்பிப் பட்டைகளைப் பிடித்திருக்கும் ரப்பரும் பிடி தளரும். இது வெளியே தெரியாது. நெடுஞ்சாலை வேகத்தில் டயர் சூடேறும்போது பட்டை பிரிந்துகொள்ளும்.

ஆகவே பூவின் ஆழம் டயர் எவ்வளவு ஓடியது என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதைச் சொல்லாது.

இங்கிலாந்து கற்ற பாடம்

2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓர் இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய பேருந்து, சர்ரே வட்டாரத்தின் ஹைண்ட்ஹெட் அருகே விபத்துக்குள்ளானது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் மாண்டனர். முன்சக்கரத்தில் வெடித்த டயருக்கு வயது 19ஐத் தாண்டியிருந்தது. டயரின் வயதுக்கு வரம்பு விதிக்கும் சட்டம் அப்போது அங்கு இல்லை. அந்த விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயார் பிரான்சிஸ் மொலோய் பல ஆண்டுகள் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் லோரி, பேருந்து ஆகியவற்றின் முன்சக்கரங்களில் 10 ஆண்டைக் கடந்த டயரைப் பயன்படுத்துவது பிரிட்டனில் தடை செய்யப்பட்டது. மினி பேருந்துகளில் ஒற்றைச் சக்கரம் மாட்டிய எல்லா இடங்களுக்கும் இத்தடை பொருந்தும்.

நான்கு எண்களில் ஜாதகம்

டயரின் வயதைக் கண்டுபிடிக்க வல்லுநர் தேவையில்லை. பக்கச் சுவரில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பார்த்தால் போதும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். மூன்று எண்கள் மட்டும் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது; அதற்கு விலை பேசவே கூடாது. சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் வேனுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

ஐந்து ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து ஆண்டானால் பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது மிஷலின் போன்ற பெரிய தயாரிப்பாளர்களின் அறிவுரை. வேனிலேயே தூங்கும் மாற்று டயருக்கும் இது பொருந்தும்.

வேனுக்கு வேன் டயர்

அடுத்தது சுமை. 185 ஆர் 14 என்ற அளவுக்குப் பின்னால் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது சரக்கு வாகன வகை. அதில் 102 என்ற சுமை எண் இருந்தால் அந்த ஒரு டயர் 850 கிலோ தாங்கும். அதே 14 அங்குல ரிம்மில் ஏறக்கூடிய கார் டயரில் 88 என்றிருந்தால் தாங்கும் எடை 560 கிலோதான். ஆட்களும் சாமானும் ஏறிய கொம்பி இரண்டு டன்னைத் தாண்டும். எஞ்சினும் பின்னால் இருப்பதால் பின்சக்கரங்களுக்குப் பளு அதிகம். ரிம்மில் பொருந்துகிறது என்பதற்காகக் கார் டயரை வாங்கி மாட்டிவிட்டு, கோலகங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் மலைச்சாலையில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

விற்பவர் சொல்ல வேண்டியவை

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வாணிபமாகச் செய்யப்படும் விற்பனைக்கு உரியது. வீட்டில் கிடந்த டயரை நண்பர் நண்பருக்கு விற்பதில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. அதனால் விற்பவரின் நேர்மையே வாங்குபவருக்குக் காப்பு. விலையைச் சொல்லும் முன்பே இவற்றைச் சொல்லிவிட வேண்டும்:

தயாரிப்பு வாரமும் ஆண்டும், சுமை எண், எத்தனை முறை பஞ்சர் ஒட்டப்பட்டது, எந்த இடத்தில் என்பது, வெயிலில் நின்றதா, கூரைக்குக் கீழ் நின்றதா என்பது.

வாங்குபவர் டயரை ரிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. பக்கச் சுவரில் ஒட்டுப் போட்ட டயர் வேண்டவே வேண்டாம். பூவின் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ளது. பூ அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பளபளவென்று கறுப்புப் பூச்சு தடவியிருந்தால் துடைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. வெடிப்பை அது மறைத்துவிடும்.

விற்கத் தகாத டயரை வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைப்பதும் ஆபத்து. மழைநீர் தேங்கினால் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு குடியேறும். ஆசியாவின் ஒரு வகை ஏடிஸ் கொசு அமெரிக்காவின் டெக்சாஸில் 1985இல் பரவியதற்கே இறக்குமதியான பழைய டயர்கள்தாம் காரணம் என்று கண்டறிந்தார்கள். இங்கும் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ், கொசு வளர இடம் கொடுக்கும் வீட்டுக்காரர்மீது நடவடிக்கை எடுக்கலாம். டயர் கடையில் ஒப்படைப்பதே நல்லது. வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி பக்கச் சுவரை வெட்டிவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பழைய விளக்கு எரியாவிட்டால் நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். வெடித்த டயரை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? "எந்த வருஷத்து டயர் தம்பி?" என்று கேட்பதால் நட்பு குறைந்துவிடாது. அதற்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் தாராளமாக வாங்கலாம்.