டிரைவர் கண்ணுக்குத் தப்பும் இடம்!

ஓசூரை அடுத்த மத்திகிரியில் பெரிய கால்நடைப் பண்ணை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக 1824-ல் தொடங்கப்பட்ட பண்ணை இது.

குதிரையோடு பழகுகிறவர்கள், அதன் வாலுக்கு நேர் பின்னால் போகமாட்டார்கள். ஏன்? குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே அதற்குத் தெரியும். ஆனால் நேர் பின்புறம் தெரியாது. அங்கே யாராவது வந்தால், மிரண்டு உதைத்துவிடும்!

இன்று அந்த வட்டாரம் தொழிற்சாலை வட்டாரம். ஓசூரில் 1980-ல் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை வந்தது. மற்ற ஆலைகளும் வந்தன. ரோட்டில் லாரி, பஸ், கார். அவற்றின் நடுவே, ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள்.

குதிரையைப் போலவே, வண்டி ஓட்டுகிறவருக்கும் தெரியாத இடம் உண்டு!

கண்ணாடி இருந்தும்...

காரில் மூன்று கண்ணாடிகள் இருக்கின்றன. ஆனாலும், பின் கதவை ஒட்டிப் பக்கத்தில் வரும் வண்டி, மூன்றிலும் விழாமல் போகலாம். "பக்கத்தில் யாரும் இல்லை" என்று நினைத்து டிரைவர் காரை ஒதுக்குவார். அந்த நொடியில் மோதல்!

லாரியில் ஆபத்து இன்னும் அதிகம். டிரைவர் வலது பக்கத்தில், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கம் லாரியை ஒட்டி நிற்பவர் அவருக்குத் தெரிவதில்லை. லாரி இடது பக்கம் திரும்பும்போது, பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாது. உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும்.

ரேடார் காவல்

இதற்கு ஒரு கருவி வந்திருக்கிறது. சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனி, 2001-ல் ஒரு மாதிரிக் காரில் இதைக் காட்டியது. அதில் இருந்தது காமிரா. இப்போது பல கார்களில் ரேடார் இருக்கிறது.

பின் பம்பரின் இரு மூலைகளிலும் ரேடார் பொருத்தப்படுகிறது. அது அலைகளை அனுப்புகிறது. பக்கத்தில் வண்டி வந்தால், அலை அதில் பட்டுத் திரும்புகிறது. உடனே பக்கக் கண்ணாடியில் சிறு விளக்கு எரிகிறது. அப்போது டிரைவர் அந்தப் பக்கம் திரும்ப சிக்னல் போட்டால், "பீப்... பீப்..." என்று எச்சரிக்கை!

ஐரோப்பாவில், புதிய லாரி, பஸ்களுக்கு இத்தகைய கருவி 2024 ஜூலை முதல் கட்டாயமாயிற்று.

ஆனால் கருவியை மட்டும் நம்பக்கூடாது. சேறு மூடினால் ரேடார் ஏமாறும்.

செலவில்லாத வழி

அமெரிக்க எஞ்சினீயர் ஜார்ஜ் பிளாட்சர் 1995-ல் ஒரு வழி சொன்னார். வலது ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, காரின் ஓரம் லேசாகத் தெரியும்வரை வலது கண்ணாடியை வெளியே திருப்ப வேண்டும். பிறகு காரின் நடுப்பக்கம் தலையைச் சாய்த்து, இடது கண்ணாடியையும் அப்படியே திருப்ப வேண்டும். மறைவிடம் வெகுவாகக் குறைந்துவிடும்.

சைக்கிளில், மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. லாரியின் கண்ணாடியைப் பாருங்கள். அதில் டிரைவரின் முகம் தெரிகிறதா? தெரியாவிட்டால், உங்களையும் அவருக்குத் தெரியாது. உடனே பின்தங்கிவிடுங்கள். அந்த லாரி முதலில் போகட்டும்!