பைபாஸில் தெரியாத ஊர்கள்: தெற்கே ஒரு நான்கு நாள் கார் பயணம்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் சுமார் 155 கிலோமீட்டர். காரில் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அதற்குள் கண்ணில் படுவது சுங்கச்சாவடிகள், மேம்பாலங்கள், கயத்தாறு நெருங்கும்போது காற்றாலைகள். சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்ற பெயர்கள் பச்சைப் பலகையில் வந்து போகும், ஊர்கள் வராது. அதே பயணத்தைக் கிழக்கே கொஞ்சம் வளைத்து, எட்டயபுரம், தூத்துக்குடி, உடன்குடி, மணப்பாடு, ஆதிச்சநல்லூர் என்று சுற்றிக்கொண்டு போனால் அது நான்கு நாள் பயணமாகிறது. மதுரைக்குத் திரும்பி வரும்போது மொத்தம் ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருக்கும். கரிசல், உப்பளம், செம்மணல் தேரி, ஆற்றங்கரை என நான்கு விதமான மண்ணைப் பார்த்திருக்கலாம்.

புறப்படும் முன்

இந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம் பிப்ரவரி பிற்பாதியும் மார்ச் மாதமும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். உப்பளங்களிலும் வேலை இருக்காது. ஆனி, ஆடியில் காற்று தேரிமணலை முகத்தில் அள்ளி வீசும். மாசி பிறந்துவிட்டால் பதநீர் கிடைக்கும், உப்பு வாரத் தொடங்கியிருப்பார்கள், காலை வெயிலும் தாங்கும்படி இருக்கும். பங்குனி உத்திரத்தை மட்டும் நாள்காட்டியில் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். அன்று தென்மாவட்டக் குடும்பங்கள் எல்லாம் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பும். கூட்டத்தோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. அறை தேடுகிறவர்களுக்கு அதைவிடக் கடினமான நாளும் இல்லை.

இரவு தங்கக் கோவில்பட்டி, தூத்துக்குடி, திருச்செந்தூர் என மூன்று இடங்கள் போதும். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில் திறக்கும் என்பதால், மதிய நேரத்தைச் சாலைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குவது நல்லது. அருங்காட்சியகங்களுக்கும் நினைவில்லங்களுக்கும் வார விடுமுறை உண்டு. போகும் நாளில் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது செல்போன் வரைபடத்தில் செய்ய வேண்டிய ஒரு சின்ன மாற்றம். சுங்கச்சாவடிகளைத் தவிர்க்கும் வசதியை அதில் தேர்ந்தெடுத்துவிட்டால் பல இடங்களில் பழைய சாலைகள் தெரியத் தொடங்கும். ஊர்கள் இருப்பது அந்தச் சாலைகளில்தான்.

முதல் நாள்: கரிசலும் கழுகுமலையும்

மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் முதல் நிறுத்தம் சாத்தூர். காராச்சேவுக்கும் வெள்ளரிப் பிஞ்சுக்கும் பேர் போன ஊர். ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் இந்த ஊர்தான் பெயர் பெற்றிருந்தது. பால்பாயின்ட் பேனா வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தது. சேவு நிலைத்து நின்றது. பேருந்து நிறுத்தத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் கூவி விற்றுப் பெயர் வாங்கிய பண்டம் அது.

அடுத்து கோவில்பட்டி. இங்கு செய்யும் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வறுத்துத் தோல் நீக்கி உடைத்த நிலக்கடலையும் வெல்லப்பாகும்தான் சரக்கு. கைத்திறன் பாகில் இருக்கிறது. கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, இறுகியதை எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வர வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். ஒரு நிமிடம் பிந்தினால் கசக்கும். கடலையைக் கொட்டிக் கிளறி, மேசையில் பரப்பி, உருளையால் சமன் செய்து, சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டாக வேண்டும். மேலே தூவும் வண்ணத் தேங்காய்த் துருவல் இந்த ஊரின் அடையாளம்.

கோவில்பட்டியிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. மூன்று மணிக்கு முன் போனால் பாறை கால் வைக்க விடாது. நாலு மணிக்குப் போவது நல்லது. வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையைச் சுற்றிலும் குடைந்து, நடுவில் ஒரு பாறையை மட்டும் விட்டு, அதை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். விமானம் முழுமை பெற்றுவிட்டது. அடிப்பகுதி இன்னும் கரட்டுப் பாறையாகவே நிற்கிறது. மேலே மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் விரல்கள் தெரியும் அளவுக்கு நுணுக்கம். கீழே வெறும் பாறை. பக்கத்துச் சரிவில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் கீழே, செய்வித்தவர்களின் பெயர்களும் ஊர்களும் வட்டெழுத்தில் உள்ளன. சமணப் பெண் ஆசிரியர்களான குரத்தியர் பெயர்களும் அவற்றில் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எங்கெங்கோ உள்ள ஊர்க்காரர்கள் வந்து தங்கள் பெயரைப் பதித்துவிட்டுப் போன மலை இது.

இரண்டாம் நாள்: எட்டயபுரத்திலிருந்து கடற்கரை வரை

கோவில்பட்டிக்குக் கிழக்கே அரை மணி நேரத்தில் எட்டயபுரம். பாரதி 1882 டிசம்பர் 11இல் பிறந்த வீடும், 1947இல் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டபமும் எல்லோரும் போகிற இடங்கள். அதே சிற்றூரில் 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய தர்காவும் இருக்கிறது. ஒரு கவி, ஓர் இசைமேதை, ஒரு புலவர் என மூவரின் நினைவிடங்களையும் ஒரே காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் இப்படி வாய்த்த ஊர்கள் குறைவு.

அங்கிருந்து தூத்துக்குடி போகும் வழியில் வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும், 1974இல் எழுப்பப்பட்ட கட்டபொம்மன் நினைவுக்கோட்டை நிற்கும் பாஞ்சாலங்குறிச்சியும் அருகருகே வருகின்றன.

தூத்துக்குடியை மாலையில் பார்க்க வேண்டும். பனிமய மாதா பேராலயம், உப்பளங்கள், பிறகு மக்ரூன். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்யும் பண்டம் இங்கே முந்திரிக்கு மாறியது. முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் முந்திரித்தூளும் சேர்த்து, கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் உலர்த்தி எடுக்கிறார்கள். காற்றில் ஈரம் பட்டால் நமத்துப்போகும். வாங்கிய அன்றே தின்பதுதான் சரி.

மூன்றாம் நாள்: வெற்றிலை, தேரி, கருப்பட்டி

திருச்செந்தூர்ச் சாலையில் முதலில் வரும் ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அருகில் கொற்கை. சங்கப் பாடல்களில் முத்துக்குளிக்கும் துறைமுகமாக வரும் அந்த ஊரில் இன்று கடல் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைச் சில கிலோமீட்டர் தள்ளிவிட்டது.

திருச்செந்தூரைச் சுற்றிய தேரிக்காடு இந்தப் பயணத்தின் விசித்திரமான நிலம். இரும்புத்தாது படிந்து சிவந்த மணல், மேடு மேடாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடக்கிறது. நடுவே கொல்லாமரங்களும் பனைகளும். காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்கக் கூடாது. சக்கரம் புதைந்தால் இழுத்துவிட டிராக்டர்தான் வர வேண்டும். அந்த மணலுக்குள்ளும் ஒரு சுனை உண்டு. அதையொட்டி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்.

உடன்குடிப் பக்கம் விடியற்காலையில் போகிறவர்களுக்குத்தான் கருப்பட்டியின் கதை தெரியும். பனையேறி காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாள் பெட்டியுமாக மரம் ஏறி, பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஒவ்வொரு மரத்தையும் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். இறக்கிய பதநீரை விடிலி எனும் காய்ச்சும் குடிசையில் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். பனையோலையும் மட்டையுமே விறகு. பதநீர் நிறம் மாறி, கொப்புளம் சின்னதாகி, அகப்பையில் பாகு கெட்டியாக விழும்போது இறக்கி, சிரட்டைகளில் ஊற்றி ஆற விடுகிறார்கள். சுக்கும் ஏலமும் சேர்ந்தால் அது சில்லுக்கருப்பட்டி. வெள்ளைச் சர்க்கரை கலந்த கருப்பட்டி சந்தையில் மலிந்துவிட்ட காலத்தில், காய்ச்சும் இடத்திலேயே வாங்குவது ஒன்றே நம்பகமான வழி.

மாலையில் மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணல்குன்றின் மேல் 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. குன்றின் அடியில் 1542இல் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை.

நான்காம் நாள்: ஆற்றோடு மேலே

திருச்செந்தூரிலிருந்து தாமிரபரணியை ஒட்டி மேற்கே திரும்பினால் ஆழ்வார்திருநகரி வரும். நம்மாழ்வாரின் உறங்காப்புளி எனும் புளியமரம் அங்கே இன்றும் நிற்கிறது. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. முதுமக்கள் தாழிகள் புதைந்திருந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, இருந்த இடத்திலேயே பார்க்கும்படி 2023இல் அமைத்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே மூவாயிரம் ஆண்டு ஆழத்தில் தாழிகள் தெரிகின்றன.

திருநெல்வேலியில் மாலை அல்வா. மதுரைக்குத் திரும்பும் வழியில் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு. பிறகு இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே ஆண்டில், 1923இல், பிறந்த ஊர் இது. இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தும், அந்த ஊர்ப் பக்கம் திரும்பும் வண்டிகள் மிகக் குறைவு.

ஊர்களைத் தாண்டிப் போகும் சாலை

இந்த வழியில் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பழைய சாலை ஊரின் கடைத்தெரு வழியாகப் போனது. பேருந்து நின்ற பத்து நிமிடத்தில் சேவு, வெள்ளரி, கடலைமிட்டாய், பூ, டீ எல்லாம் விற்றன. நான்குவழிச் சாலை வந்தபோது சாலையோரப் புளியமரங்கள் போயின. அதன்பின் அந்தப் பத்து நிமிடமும் போனது. இப்போது ‘பைபாஸ் ரைடர்’ என்று எழுதிய பேருந்துகள் ஊருக்குள் வருவதே இல்லை. வெளியூர்ப் பேருந்தில் வருகிறவர்களை நள்ளிரவில் பாலத்தடியில் இறக்கிவிடுவதும், பெட்டியும் பிள்ளையுமாக அவர்கள் ஆட்டோ தேடி நிற்பதும் தென்மாவட்டங்களில் அன்றாடக் காட்சி.

புறவழிச்சாலையால் விபத்தும் நேரவிரயமும் குறைந்தன, ஊருக்குள் லாரி நெரிசல் தீர்ந்தது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஆதாயத்துக்கு ஊர்கள் கொடுத்த விலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊரின் பெயர் மட்டும் நெடுஞ்சாலைக் கடைப் பலகைக்குப் போய்விட்டது. எங்கோ செய்த கடலைமிட்டாய் ‘கோவில்பட்டி’ என்றும், என்ன கலந்தது என்று தெரியாத கருப்பட்டி ‘உடன்குடி’ என்றும் வண்டி நிறுத்தும் இடத்திலேயே கிடைக்கிறது. வாங்குகிறவருக்கு ஊருக்குள் போக வேண்டிய காரணம் ஒன்று குறைகிறது. பாகு பதம் தெரிந்த கைக்கு ஒரு வாடிக்கையாளர் குறைகிறார். புவிசார் குறியீடு பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும். அடுப்படிக்கு ஆளைக் கூட்டிவருவது அதன் வேலை அல்ல. பனையேறியின் மகன் பனையேறாததற்குக் காரணங்கள் பல; விலை கொடுத்து வாங்க வீட்டு வாசலுக்கு ஆள் வராததும் அவற்றில் ஒன்று.

சாலையைப் பழைய இடத்துக்கு யாரும் திருப்பப் போவதில்லை. திருப்ப முடிந்தது வண்டியின் ஸ்டியரிங் மட்டும்தான். ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் இடப்பக்கம் அணுகுசாலையில் இறங்கினால் கடைத்தெருவுக்குப் பெரும்பாலும் பத்து நிமிடம். நான்கு நாள் பயணத்தில் அது பெரிய நேரம் அல்ல. சேவைச் சாத்தூர்க் கடைத்தெருவிலும், மிட்டாயைக் கோவில்பட்டி அடுப்பங்கரையிலும், கருப்பட்டியை விடிலி வாசலிலும் வாங்குங்கள். அடுத்த முறை தெற்கே போகும்போது ஓர் ஊருக்குள்ளாவது நுழைந்துவிட்டுப் போங்கள்.