அடுப்புக்கு அரையடி தள்ளி ஒரு நாற்காலி

திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம் என்று போனால், அங்கே திரையே இல்லை! டோக்கியோவில் யுராகுச்சோ ரயில் நிலையத்தை ஒட்டி, 1910 வாக்கில் கட்டிய செங்கல் வளைவுகள் தண்டவாளத்தைத் தாங்கி நிற்கின்றன. அந்த வளைவுகளுக்கு அடியிலும் அக்கம்பக்கத்துச் சந்துகளிலும் யாகிதோரி கடைகள். மேலே யாமானோத்தே ரயில் தடதடவென்று போகும். கீழே பீர் கோப்பைகள் கிடுகிடுக்கும். பத்துப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் கவுண்டர். அதற்கு அந்தப் பக்கம் ஒடுங்கலான நீளக் கரியடுப்பு. அடுப்புக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்கள் 'தாய்ஷோ' என்று கூப்பிடும் கடைக்காரர். சமையலறை, சாப்பாட்டுக்கூடம், நாடகக் கொட்டகை எல்லாமே இந்தப் பத்தடிக்குள் அடக்கம்.

கோழிக்கறியை மூங்கில் குச்சியில் குத்திக் கரியில் சுட்டுத் தருகிறார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தால் போச்சு. கண்ணெதிரே நடப்பது இரண்டாம் பாதி மட்டும். முதல் பாதி நீங்கள் வருவதற்கு முன்பே, கதவு சாத்திய கடைக்குள் சத்தமில்லாமல் முடிந்துவிட்டது. வாருங்கள், மதியமே உள்ளே நுழைந்துவிடுவோம்.

மதியத்துக் கடையில் புகையும் கிடையாது, கூச்சலும் கிடையாது. பலகை, சின்னக் கத்தி, கட்டுக்கட்டாகக் குச்சிகள், மலைபோல் கோழி. குனிந்த தலை நிமிராமல் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். குத்துவதற்கு மூன்று வருஷம், சுடுவதற்கு ஒரு ஆயுள் என்று இந்தத் தொழிலில் ஒரு பழமொழி உண்டு. கொஞ்சம் பெரிய பேச்சாக இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. ஒரே ஒரு குச்சி தயாராவதைக் கிட்டத்திலிருந்து பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

தொடைக்கறியை எடுக்கிறார். நரம்பை வழிக்கிறார். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுகிறார். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை! பிடிக்கும் பக்கம் சின்னது, நுனிக்குப் போகப் போகப் பெரியது. குச்சி ஒவ்வொரு துண்டின் நட்டநடுவில் நுழைய வேண்டும். ஒரு நூல் விலகினாலும் அடுப்பில் திருப்பும்போது கறி ஒரு பக்கமாகச் சாய்ந்து, குச்சி மட்டும் சுற்றும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் இடைவெளி விட்டால் அந்த இடத்தில் குச்சி கருகிவிடும். குத்தி முடித்ததும் நாலு விரலால் ஒரு அழுத்து, ஒரு உருட்டு, ஓரத்தில் தொங்கும் தோலில் ஒரு சீவல். தட்டில் வைக்கிறார். அடுத்த குச்சி. அடுத்த குச்சி. இப்படியே சாயங்காலம் வரை நூற்றுக்கணக்கில்!

இனி உள்ளுறுப்புகள் பக்கம். இதயம் என்றால் சும்மா குத்திவிட முடியாது. பிளந்து, உள்ளே உறைந்த ரத்தத்தை அலசி எடுக்க வேண்டும். ஒரு கோழிக்கு ஒரு இதயம்தான். ஒரு குச்சிக்கு நாலைந்து ஆகும். ஆக, நீங்கள் அலட்சியமாக 'இரண்டு ஹாட்சு' என்று சொல்லும்போது ஒரு சின்னக் கோழிக்கூட்டமே தட்டில் வந்து நிற்கிறது. கோழியின் பின்பக்கத்துக் கூம்பு, அதாவது போன்ஜிரி, இதைவிட வேடிக்கை. கோழி தன் இறகுக்குப் பூசிக்கொள்ளும் எண்ணெய்ச் சுரப்பி அங்கேதான் இருக்கிறது. அதைச் சுத்தமாக எடுக்காவிட்டால் வாடை தூக்கும். எடுத்துவிட்டால் வாயில் போட்டதும் கரையும் கொழுப்பு. கழுத்துக்கறியான செசெரியை எலும்பிலிருந்து சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்கிறார்கள். இடுப்பெலும்புக் குழியில் ஒளிந்திருக்கும் சொரிரெசு கோழிக்கு இரண்டே துண்டு. இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த பிறகு விலைப் பட்டியலைப் பார்த்துப் புலம்ப மனசு வரவில்லை.

கடை திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது கரி மூட்டுகிறார்கள். இங்கே எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. பெயர் பெற்ற கடைகளில் எரிவது 'பின்ச்சோதான்' என்ற கரி. வாகாயாமா பகுதியில், பழைய கிஷூ நாட்டில், உபாமே என்ற கருவாலி மரத்தைச் சூளையில் நாள் கணக்கில் வேகவிட்டு, கடைசியில் காற்றைத் திறந்து விடுவார்கள். சூளைக்குள் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தொடும். செக்கச்செவேலென்று இருக்கும் கரியை அப்படியே வெளியே இழுத்து, ஈர மண்ணும் சாம்பலும் கலந்து மேலே போட்டு மூடி அணைப்பார்கள். மேலே வெள்ளைப் பூச்சோடு ஆறுவதால் அதற்கு வெள்ளைக்கரி என்று பெயர். கென்ரோகு காலத்தில் (1688–1704) தனாபேயில் இதை விற்ற பிச்சூயா ச்சோசாயெமோன் என்ற வியாபாரியின் பெயரைத்தான் கரி இன்றும் சுமக்கிறது.

இரண்டு கரியை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிக் காட்டச் சொல்லுங்கள். 'டிங்' என்று கணீர்ச் சத்தம் வரும்! மூட்டுவதற்குப் பொறுமை வேண்டும்; ஈரம் இருந்தாலோ அவசரப்பட்டாலோ பட்டென்று வெடித்துத் தெறிக்கும். பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், மணிக்கணக்கில் நின்று எரியும். புகை சொற்பம், சுவாலை சொற்பம், ஆனால் அனல் அபாரம். அந்தக் கதிர்வீச்சு கறியின் மேற்பரப்பைச் சட்டென்று முறுக்கிவிடுகிறது. உள்ளே கறி காய்ந்துபோக நேரம் கிடைப்பதில்லை. அப்படியானால் கடை முழுக்கப் பரவும் அந்தப் புகை? கரியிலிருந்து வருவதில்லை. கோழிக் கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கரியில் விழுந்து, ஆவியாகி, திரும்பி வந்து கறியையே தழுவுகிறதே, அது. தெருவில் போகிறவன் மூக்கையும் அதே புகைதான் பிடித்து இழுக்கிறது. இத்தனை சிக்கனமான விளம்பரம் வேறு எந்தத் தொழிலுக்கும் வாய்க்கவில்லை.

வாசலில் துணித்திரை மாட்டியாயிற்று. "இராஷ்ஷாய்மாசே!" உள்ளே நுழையும் ஒவ்வொரு தலைக்கும் மொத்தக் கடையும் சேர்ந்து முழங்குகிறது. உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு. கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஒரு தொட்டுக்கை வரும். இலவசம் என்று குதிக்க வேண்டாம், ஓதோஷி என்ற அந்தக் கிண்ணத்துக்குச் சில நூறு யென் பில்லில் ஏறிவிடும். பக்கத்து நாற்காலி டை கட்டிய ஆள் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, "தோரியாயெசு நாமா!" என்கிறார். எதுவானாலும் முதலில் பீர்! ஏழெட்டுக் குரல்கள் அதை எதிரொலிக்கின்றன.

இப்போது தாய்ஷோவின் கைகளைப் பாருங்கள். அடுப்பில் கம்பி வலையே கிடையாது. இரண்டு இரும்புக் கட்டைகள், அவற்றின் மேல் குச்சிகள், கறி அந்தரத்தில் கரிக்கு நேர் மேலே. பிடிக்கும் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் விரலால் திருப்புகிறார்! ஐயோ, சுடாதா? சுடும்தான். கேட்டால் சிரிக்கிறார். இன்னொரு கையில் விசிறி. வீசினால் அனல் ஏறும் என்பது பாதிதான். கொழுப்பு விழுந்து குப்பென்று நெருப்பு எழும்போது, அது கறியைக் கருக்குவதற்குள் ஒரே வீச்சில் அடித்து அணைப்பதும் அதே விசிறிதான். இருபது குச்சிகள் ஒரே சமயத்தில். ஈரல் இந்த ஓரம், ஏனென்றால் அது உள்ளே கிரீம்போல இருக்க வேண்டும். தோல் அந்த ஓரம், கொழுப்பு வடிய நேரம் ஆகும். நெஞ்சுக்கறி போனது தெரியாமல் வந்துவிட வேண்டும். கடிகாரம் இல்லை, வெப்பமானி இல்லை. கறியைக் கிள்ளிப் பார்ப்பதும் பொரியும் சத்தமும்தான்.

உப்பா, தாரேயா? இந்த ஒரு கேள்விக்குத் தயாராகப் போங்கள். தாரே என்பது சோயா சாஸ், மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது), சாக்கே (அரிசி மது), சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய பளபளக்கும் குழம்பு. அடுப்பு ஓரத்தில் அதற்கென்று ஒரு மண்ஜாடி. பாதி வெந்த குச்சியைத் தலைகீழாக உள்ளே முக்கி எடுத்து மறுபடி அனலில் காட்டுகிறார். ஒவ்வொரு முக்கலுக்கும் கொஞ்சம் கோழிச்சாறும் கொழுப்பும் ஜாடியிலேயே தங்கிவிடுகிறது. ஜாடியை ஒருநாளும் காலி செய்ய மாட்டார்கள். நேற்றுத் தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே கதைதான். பழைய தாரேயைக் கொதிக்க வைத்து, புதியதை ஊற்றி ஊற்றி வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். செய்முறையைக் கேட்டுப் பாருங்கள், நாலு பொருளையும் தாராளமாகச் சொல்வார். அளவு மட்டும் வாயில் வராது!

வந்த குச்சிகளில் மனதைக் கொள்ளை கொண்டது ச்சோச்சின். முட்டையிடும் கோழியின் வயிற்றில் ஓடு கட்டாமல் இருக்கும் மஞ்சள் கரு, குச்சி நுனியில் காகித விளக்குபோல ஆடிக்கொண்டு வருகிறது. பாதியாகக் கடித்தால் சட்டை நாஸ்தி. முழுசாக வாயில் போட்டு உதட்டை மூடிக்கொள்ளுங்கள்; உள்ளே அது வெடிக்கும். இரைப்பை நறுக்கு நறுக்கென்கிறது. சுக்குனே என்ற கறி உருண்டையில் பொடியாக நறுக்கிய குருத்தெலும்பு கடிபடுகிறது. பச்சை மஞ்சள் கருவில் தொட்டுத் தின்ன வேண்டும். தொடைக்கறியும் வெங்காயத்தண்டும் மாறி மாறி வரும் நெகிமா எந்தக் கடையிலும் ஏமாற்றாது. தோல் பிரியர்கள் ஃபுகுவோகாவுக்கு ரயில் ஏற வேண்டும். அங்கே கழுத்துத் தோலைக் குச்சியில் சுருள் சுருளாகச் சுற்றி, சுட்டு, ஆறவைத்து, மறுபடி சுட்டு, நாட்கணக்கில் கொழுப்பை வடித்துத் தருகிறார்கள்.

ஜப்பான் கோழி தின்னப் பழகிய கதை நீளம். கி.பி. 675-இல் தெம்மு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கோடு கோழியையும் சேர்த்துத் தின்னத் தடை போட்டார். பிற்காலத்தில் கோயில் வாசல்களில் சிட்டுக்குருவியைச் சுட்டு விற்றார்கள். கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி பக்கம் இப்போதும் குருவி கிடைக்கிறது. எலும்போடு மொறுமொறுவென்று இருக்கும். எனக்கு வேண்டாம். போருக்குப் பின் கறுப்புச் சந்தைகளில் மலிவான உள்ளுறுப்புகள் குச்சியேறின; டோக்கியோ ஷின்ஜுகுவின் ஓமொய்தே யோகோச்சோ சந்து அப்படிப் பிறந்ததுதான். 1960-களில் பிராய்லர் வந்து கோழி விலை இறங்கியதும் யாகிதோரி ஆபீஸ்காரர்களின் சாயங்காலமாகிவிட்டது.

இன்று இதற்குக் கீழ்த்தட்டும் உண்டு, மேல்தட்டும் உண்டு. 1985-இல் ஒசாகா பக்கம் தொடங்கிய தோரிகிசோகு சங்கிலிக் கடைகள் எதை எடுத்தாலும் 280 யென் என்ற விலையை 1989 முதல் 2017 வரை மாற்றவே இல்லை. நிறுவனரின் மகன் பிரபல பாப் பாடகர் என்பது ஜப்பான் முழுக்கத் தெரிந்த சங்கதி. அங்கேயும் குச்சியை அந்தந்தக் கடையிலேயே கையால்தான் குத்துகிறார்கள் என்பது அந்த விலைக்கு எனக்கு நம்பவே முடியாத சமாச்சாரம். முட்டைக்கோஸும் கேட்கக் கேட்கக் கொடுப்பார்கள். மறுகோடியில் டோக்கியோ கின்சாவின் பேர்ட் லேண்ட், மிஷெலின் நட்சத்திரம் வாங்கிய கடை. அதே கட்டடத்தின் அடித்தளத்தில் பக்கத்துக் கதவு யார் தெரியுமா? ஆவணப்படமாகவே வந்த சுகியாபாஷி ஜிரோ சுஷிக் கடை! இப்படிப்பட்ட இடங்களில் ஜிதோரி என்ற நாட்டுக்கோழிதான். குறைந்தது பாதியாவது உள்நாட்டு இனத்தின் ரத்தம், 75 நாளாவது வளர்ப்பு, நான்கு வாரம் ஆனபின் தரையில் திரிய இடம் என்று அதற்கு அரசாங்கத் தரக்கட்டளையே இருக்கிறது. சுவை ஆழம், மெல்லுவதற்குப் பல்லும் வேண்டும். என் ஓட்டு என்னவோ ரயில் பாலத்தடிக்கே.

கவுண்டர் கலவரம் ஒன்று பாக்கி. நாலு பேர் சேர்ந்து வந்தால் குச்சியிலிருந்து கறியை உருவித் தட்டில் கொட்டிப் பங்கு போடுகிறார்கள். தயவுசெய்து உருவாதீர்கள் என்று டோக்கியோ கடைக்காரர் ஒருவர் பலகையே எழுதி வைக்க, நாடு முழுக்கப் பட்டிமன்றம் நடந்தது. நான் கடைக்காரர் கட்சி. முதல் கடி பெரிதாக இருக்கட்டும் என்று நுனித் துண்டைப் பெரிதாக வைத்து, உப்பையும் அங்கே ஒரு சிட்டிகை தூக்கலாகப் போட்டு, மதியம் முழுக்க ஒருவர் முதுகு ஒடிந்ததைப் பார்த்தோமே! உருவினால் சாறும் போகும், சூடும் போகும்.

ஆகவே, போகிறவர்களுக்கு: மேஜை வேண்டாம், கவுண்டரில் அடுப்புக்கு நேர் எதிரே கேளுங்கள். நல்ல சட்டையை அறையிலேயே விட்டுவிடுங்கள். இரண்டிரண்டு குச்சியாகச் சொல்லுங்கள், வந்ததும் தின்னுங்கள், போட்டோவுக்காக ஆறவிடாதீர்கள். தின்ற குச்சிகளைக் கவுண்டரில் இருக்கும் மூங்கில் குழாயில் போடுங்கள். சில கடைகளில் அதை எண்ணித்தான் பில். முக்கியமாக, கடை திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். ச்சோச்சினும் சொரிரெசுவும் ஒரு நாளைக்குச் சில குச்சிகள்தான். எட்டு மணிக்குப் போகிறவருக்குக் கிடைக்காது.