பசித்த பிள்ளையின் கண் எங்கே போகிறது?

தரம் 4 வகுப்பில் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவனின் பார்வை கரும்பலகைக்கு வரவே இல்லை. பக்கத்துப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியிலேயே நின்றது. இரண்டு தடவை ஏசினேன். மூன்றாம் தடவை எழுப்பி நிற்க வைத்தேன். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான், "காலைல ஒண்டும் சாப்பிடல்ல டீச்சர்" என்றான். அன்று பிழை செய்தது அவனல்ல, நான்தான்.

பசி வயிற்றோடு நிற்பதில்லை. வயிறு வெறுமையாகும்போது கிரெலின் என்ற ஓமோன் இரத்தத்தில் கூடுகிறது. 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த இந்த ஓமோன், மூளைக்குப் பசியை அறிவிக்கிறது. அப்போது கண் முன்னே எத்தனை பொருட்கள் இருந்தாலும் மூளை உணவுக்கே முன்னுரிமை கொடுக்கிறது. பசித்திருப்பவர்களின் பார்வை உணவுப் படங்களில் கூடுதல் நேரம் தங்குவதை, கண்ணசைவை அளந்த ஆய்வுகளும் காட்டியுள்ளன.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். சமையல் புத்தகங்களை விரும்பி வாசிக்கத் தொடங்கினார்கள். திரைப்படம் பார்க்கும்போதும் சாப்பாட்டுக் காட்சிகளே அவர்களின் கண்ணில் பட்டன. வளர்ந்த, ஆரோக்கியமான ஆண்களுக்கே இந்த நிலைமை.

இது நமக்கும் தெரியாததல்ல. நோன்பு நாளில் அஸருக்குப் பின் கடைத்தெருவுக்குப் போனால் சமோசாவும் கட்லட்டும்தான் கண்ணில் படும். தேவைக்கு அதிகமாக வாங்கி வந்து, இப்தாரின் பின் மிஞ்சியதைப் பார்த்துக் கவலைப்படுவோம். ஆனால் நாம் ஸஹர் செய்தவர்கள். மஃரிபுக்கு உணவு வரும் என்று தெரிந்தவர்கள். நிய்யத் வைத்துப் பசித்திருப்பவர்கள். வெறும் வயிற்றோடு பாடசாலை வரும் பிள்ளைக்கு இதில் எதுவுமில்லை.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அவதானமில்லாத பிள்ளையைத் தண்டிக்கும் முன், மற்றவர்களுக்குக் கேட்காமல், "காலையில் என்ன சாப்பிட்டீங்க மகன்?" என்று கேட்டுப் பாருங்கள். என் மேசை லாச்சியில் இப்போது எப்போதும் ஒரு பிஸ்கட் பக்கெட் இருக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒன்று. றமழானில் ஊருக்கே கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் நமக்கு, மற்றைய பதினொரு மாதங்களில் ஊர்ப் பாடசாலையின் சில பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்க முடியாதா? கொடுப்பதைப் படம் பிடிக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் பார்வை கரும்பலகைக்குத் திரும்பினால் அதுவே போதும்.